குழியார் வாயடைத்த கதை

மலையடிவாரத்தில் ஏரியைச் சுற்றிக் கிடக்கும் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுபவர் அவர். பந்து விழும் குழியைத் தினமும் இடம் மாற்றித் தோண்டுவதும் அவர்தான். அதனால் குழியார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பந்து குழிக்குள் போகாத கனவான்கள் அவரைத் திட்டுவார்கள். போட்டுவிட்டவர்கள் தங்களையே மெச்சிக்கொள்வார்கள்.

விடியலில் தனியாக வேலை. பேச்சுத்துணைக்கு ஏரி வாத்துகள் மட்டும். அவையும் அவரை மதித்ததில்லை. பகலெல்லாம் தேங்கிய பேச்சை இரவுச் சாப்பாட்டு மேசையில் கொட்டித் தீர்ப்பார். அங்கே சமைத்துப் போடுபவர் மாடியில் குடியிருக்கும் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன், அதே கிளப்பின் சமையல்காரர். சூப்பில் மிளகு ஏன் கூடியது, கோழி எந்தத் துக்கத்தில் செத்தது என்று குழியார் கவளத்துக்குக் கவளம் தீர்ப்புச் சொல்வார்.

"மாப்ள, ஒரு நாளாவது பேசாம சாப்பிடுங்களேன்."

"உங்க சமையலைப் பேசாம முழுங்க முடியாது மச்சான்."

வருடத்தில் ஒருநாள் ஊழியர்களும் மைதானத்தில் ஆடலாம். அதற்கு முந்தைய இரவு இருவரும் பந்தயம் கட்டினார்கள்: தோற்றவர் ஒரு வருடம் சாப்பாட்டு மேசையில் வாயே திறக்கக் கூடாது. அந்த மேசையும் போனால் குழியாருக்கு மிச்சம் வாத்துகள்தான்.

ஆகவே ஆட்டத்தன்று விடியலில் கடைசிப் புல்தரையில் மண்டியிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து, சரிவு பார்த்தார். எங்கிருந்து உருட்டினாலும் பந்து வந்து சேரும் பள்ளத்தைக் கண்டுபிடித்து, அதன் நடுவில் குழியைத் தோண்டினார். பிறகு தள்ளி நின்று பார்த்தார். திரும்ப வந்து ஒருமுறை தடவிப் பார்த்தார். இந்த அழகில் பொழுது போய்விட்டது. அந்தப் புல்தரையை மட்டும் வெட்ட மறந்தார்.

ஆட்டம் ஏரியோரமாக, பைன் மரங்களின் நிழலில் நடந்தது. மச்சான் தோசைக்கரண்டி பிடிப்பதுபோல் மட்டையைப் பிடித்தார். அப்படியும் கடைசிக் குழி வரை இருவரும் அடித்த அடிகள் சமம்; இனி குறைந்த அடியில் பந்தைப் போடுபவருக்கே வெற்றி.

அங்கே இரண்டாவது அடியில் குழியார் பந்தைச் சரிவின் உச்சியில் இறக்கினார். அது குழியை நோக்கி மெல்ல உருண்டது. வெட்டாத புல் அதன் காலைப் பிடித்தது. ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டது.

"போ... போடா!" என்று கெஞ்சினார். பந்து கேட்கவில்லை.

மச்சானும் தன் இரண்டாவது அடியைக் கண்ணை மூடிக்கொண்டு விளாசினார். பந்து பைன் மரத்தில் மோதித் தெறித்து, வெறிபிடித்தாற்போல் சரிவில் பாய்ந்தது. ஏரிக்கே போயிருக்கும். அதே புல் அதன் வேகத்தைத் தின்று, பள்ளத்தில் இறக்கிக் குழிக்குள் தள்ளியது.

"மாப்ள, குழி அருமையான இடம்!"

அன்றிரவு மச்சான் விசேஷமாகச் சமைத்தார். குழியார் ஒரு கரண்டி சூப் குடித்தார். இன்னொரு கரண்டி குடித்தார்.

"உப்பு சரியா இருக்கா?" என்றார் மச்சான்.

குழியார் கோழியை மென்றார்.

"அண்ணே, நீதானே ஜெயிச்ச? சாப்பிடு," என்றாள் குழியாரின் மனைவி.

"தலையையாவது ஆட்டுங்க மாப்ள! நல்லால்லேன்னாவது சொல்லுங்க!"

குழியார் வாயைத் துடைத்துக்கொண்டார். உப்புக் குப்பியை எடுத்து, நிதானமாக, மச்சானின் தட்டுக்கு நேரே வைத்தார்.