மெஹர் நிஷாவின் பேட்டரி சைக்கிள்

எங்கள் அம்மா மெஹர் நிஷா நியூ ஜெர்சியில் டிரைவிங் டெஸ்ட்டில் மூன்று முறை ஃபெயிலானவள். ஓட்டத் தெரியாமல் இல்லை. பரமக்குடி பஜாரில் ஸ்கூட்டி ஓட்டிய கை, ஒவ்வொரு திருப்பத்திலும் தானாக ஹார்னை அமுக்கிவிடும். மூன்றாவது முறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி காதைப் பொத்திக்கொண்டே காரணம் கேட்டார். "வர்றேன்னு சொல்லாம எப்படி சார் அடுத்தவங்க முன்னாடி போய் நிக்கிறது?" என்று அம்மா தமிழில் பதில் சொன்னாள். எனக்கு மொழிபெயர்க்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. நான் வெளியே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

2008 தீபாவளி சமயத்தில் அத்தாவின், அதாவது என் அப்பாவின், கம்பெனி அவரை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பியது. கனெக்டிகட்டில் ஒரு கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. ஆனால் அதில் இன்ஷூரன்ஸ் கிடையாது. வீட்டில் இருந்த ஒரே காரை அவர் எடுத்துக்கொண்டு திங்கள் விடியுமுன் கிளம்பிப்போவார், வெள்ளிக்கிழமை வருவார். அத்தாவுக்குத் தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. பிரிட்ஜ் கதவில் மார்ச் வரைக்கும்தான் மருந்து இருந்தது. அதற்குப் பிறகு இன்ஷூரன்ஸ் இல்லாமல் அதை வாங்கக் கட்டாது.

அம்மா காத்திருக்கவில்லை. நேராகப் போய் நான்கு மைல் தள்ளியிருந்த முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் வேலை கேட்டாள். காலை ஆறு மணி ஷிப்ட். தொண்ணூறு நாள் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம், குடும்பம் முழுவதற்கும் இன்ஷூரன்ஸ். அந்தத் தொண்ணூறு நாளுக்குள் மூன்று தடவை லேட்டானால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது.

கோயம்புத்தூருக்கே திரும்பிக் கொண்டிருந்த நஞ்சுண்டன் அங்கிள், வீட்டுச் சாமான்களை விற்ற மூவிங் சேலில் சோபாவுக்கும் இட்லிப் பானைக்கும் நடுவில் ஒரு பேட்டரி சைக்கிளை நிறுத்தியிருந்தார். அம்மா சோபாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அத்தா போனிலேயே குதித்தார். "டிசம்பர் குளிர்ல சைக்கிளா? பள்ளிவாசல்ல நாலு பேரு என்ன கேப்பாங்க தெரியுமா?"

"நாலு பேருல யாரு காலைல அஞ்சரைக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போவாகன்னு கேட்டுச் சொல்லுங்க. நான் சைக்கிளைத் திருப்பிக் குடுத்துர்றேன்."

நாலு பேரும் வரவில்லை. கீழ்வீட்டு ராமசுப்ரமணியன் அங்கிள் மட்டும், தினமும் தன் கார் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டே அம்மாவை மறிப்பார்.

"சிஸ்டர், இது இண்டியா இல்ல. பாக்கறவா நம்மளப் பத்தி என்ன நினைப்பா? நானே டிராப் பண்றேனே, எனக்கு ஆறு மணிக்குத்தானே கிளம்பணும்."

"எனக்கு ஆறு மணிக்கு முட்டை உடைக்கணும்ண்ணே" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விடுவாள்.

அம்மா கிளம்பும் கோலத்தைப் பார்க்கவே நான் சீக்கிரம் எழுந்திருப்பேன். முதலில் குரங்குக் குல்லா, அதன் மேல் தலைத்துணி, அதன் மேல் ஹெல்மெட். சல்வாருக்கு மேல் அத்தாவின் பேன்ட். காலுறைக்கு மேல் பிரெட் வந்த பிளாஸ்டிக் கவர். கம்பளிக் கையுறைக்குள் காற்றுப் புகாமலிருக்க அதன் மேல் பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் ரப்பர் உறை. நான் என் பங்குக்கு, நம்மூர் 'எல்' போர்டு மாதிரியான 'ஸ்டூடன்ட் டிரைவர்' என்ற ஸ்டிக்கரைத் திருட்டுத்தனமாகப் பின்பக்கம் ஒட்டிவிட்டேன். கண்டுபிடித்ததும் காதைத் திருகுவாள் என்று காத்திருந்தேன். அவளோ ஒரு வாரம் கழித்து, "அதை எடுத்துராத புள்ள. காரெல்லாம் ஒதுங்கிப் போகுது" என்றாள்.

முதல் லேட், முதல் பனி விழுந்த அன்று. இரண்டாவது, ஜனவரியில். குளிரில் பேட்டரி பாதி உயிரை இழந்துவிடும் என்று எங்களுக்குத் தெரியாது. ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றி மாடிப்படிக்குக் கீழேயே சைக்கிளில் விட்டு வைத்திருந்தோம். அது ரயில் பாலத்தில் ஏறும்போது சிவப்பு விளக்கைக் காட்டிச் செத்துப்போனது.

அன்று சாயங்காலம் அம்மா பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள். இரண்டு செங்கல் கனம். அதை அடுப்பு மேடையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதற்குக் கீழிருந்த ஓவனைத் திறந்தாள். இங்கே குளிர்காலத்தில் தமிழ் வீடுகளில் தயிர் தோய்வது ஓவனுக்குள்தான். சூடேற்ற மாட்டோம், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் எரியவிடுவோம். அந்த இளஞ்சூடு போதும். அம்மா தயிர்ச் சட்டியை ஓரமாகத் தள்ளி, பக்கத்தில் பேட்டரியை வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"பாலே இந்தச் சூட்டுல உறையுது. இது குளிர்ல உறையாம இருக்காதா?" என்றாள்.

விடியற்காலையில் எடுத்து, பழைய சால்வையில் சுற்றி மாட்டிக்கொண்டு போனாள். பாலத்தில் வண்டி ஏறியது. அதற்குப் பிறகு ஒரு நாளும் லேட்டில்லை.

பிப்ரவரியில் எண்பத்து நாலாவது நாள் ஒரு திங்கட்கிழமையில் வந்தது. முந்தின நாள் அம்மா சீக்கிரமே படுத்துவிட்டாள். அத்தா, ஆளில்லாத அறையில் விளக்கெரிந்தால் தாங்காத மனிதர். வீடு முழுக்க அணைத்துக்கொண்டே வந்தவர் ஓவனுக்குள் வெளிச்சத்தைப் பார்த்துத் திறந்தார்.

"யா அல்லாஹ்! தயிரோட பேட்டரியா? வெடிச்சா என்ன ஆகுறது?" என்று அதைக் கொண்டுபோய்ப் பால்கனியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். "அம்மாட்ட சொல்லிரு இஸ்ரத். நான் நாலு மணிக்கெல்லாம் கிளம்பிருவேன்."

நான் சரி என்றேன். ஆனால் சொல்லவில்லை. காலையில் ஓவனைத் திறந்துவிட்டு அம்மா முழிக்கிற முழியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. ஒரு ராத்திரியில் என்ன கெட்டுவிடப்போகிறது என்று நினைத்தேன்.

அம்மா முழித்தாள். நான் சிரித்தேன். பிறகு பால்கனியிலிருந்து பேட்டரியை எடுத்து அவள் கையில் கொடுத்தபோது அது ஐஸ் கட்டி போல இருந்தது. மாட்டிப் பார்த்தால் ஒரே ஒரு விளக்கு, அதுவும் சிவப்பு. அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அப்படியே போய்ப் படுத்திருப்பேன். அவள் பேட்டரியைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, வெறும் சைக்கிளில் ஏறி மிதிக்க ஆரம்பித்தாள்.

நான் பைஜாமாவோடு பின்னால் ஓடினேன். தெருவெல்லாம் கண்ணாடிப் பனி. பாலத்தில் அம்மா இறங்கித் தள்ளினாள், நான் பின்னால் கேரியரில் கை கொடுத்தேன். பாதிப் பாலத்தில் ராமசுப்ரமணியன் அங்கிளின் கார் ஊர்ந்து வந்து பக்கத்தில் நின்றது. பனிக்குப் பயந்து அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பியிருக்கிறார்.

"சொன்னா கேக்கறேளா? ஏறுங்கோ சிஸ்டர்!"

"சைக்கிளு?"

"அத அங்கயே போட்டுட்டு வாங்கோ. இனிமே அது எதுக்கு?"

"நாளைக்கு எதுலண்ணே போறது?" என்றாள் அம்மா, மூச்சு வாங்கியபடி. "இந்தப் புள்ளைய வேணா ஏத்திக்கங்க. காலுல செருப்புத்தான் போட்டிருக்கா."

நான் ஏறவில்லை. நான் மெஹர் நிஷாவின் மகள்.

முதியோர் இல்லத்துப் பின்வாசலில் கார்டைச் சொருகியபோது மணி ஆறு தாண்டி ஏழு நிமிடம். சூப்பர்வைசர் டோரீன் இடுப்பில் கை வைத்து நின்றாள். ஆறடி உயரம்.

"மெஹர், தட்ஸ் த்ரீ."

அம்மா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. சமையல்கட்டை எட்டிப் பார்த்தாள். அடுப்பு எரியவில்லை. ஒருத்தரும் இல்லை. பனியில் காரை எடுக்க முடியவில்லை என்று மற்ற மூன்று சமையல்காரர்களும் போன் பண்ணியிருந்தார்கள். அப்பால் சாப்பாட்டு அறையில் ஐம்பது பேர் ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ரைட்டு. லேட்டுன்னு ரைட் பண்ணு" என்று அம்மா தன் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். "பட் தோஸ் த்ரீ பீப்பிள், ஹேவிங் கார். தே கமிங் வாட் டைம்? தட் ஆல்சோ யூ ரைட்."

டோரீன் பேனாவைத் திறக்கவில்லை. மஞ்சள் ரப்பர் உறையையும் ஹெல்மெட்டையும் பார்த்தாள். அம்மாவோ பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய் முட்டைத் தட்டை இறக்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் டோரீன் எனக்கு முடியை மூடும் வலைக் குல்லா ஒன்றை நீட்டி, "டோஸ்ட், ஹனி" என்றாள். அன்றைக்கு நான் நூறு ரொட்டித் துண்டு சுட்டேன். பத்து மட்டும் கருகியது. அந்தப் பத்தில் ஒன்றில் ஜாம் கொண்டு மீசை வரைந்து ஒரு பாட்டிக்குக் கொடுத்தேன், அவர் இன்னொன்று கேட்டார்.

மார்ச் முதல் வாரம் இன்ஷூரன்ஸ் கார்டு தபாலில் வந்தது. முதல் வரியில் மெம்பர் என்று மெஹர் நிஷா. அதற்குக் கீழே டிபென்டன்ட், அதாவது அவளை அண்டியிருப்பவர்கள், என்று இரண்டு பெயர்கள்: பசீர் அகமது என்று அத்தா, இஸ்ரத் என்று நான். அத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

மறுநாளைக்குப் பேட்டரியைச் சால்வையில் சுற்றிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னாள்:

"என்னங்க அப்புடித் தேடுறீக? உங்க பேரு கீழ இருக்கு."