வேப்பமரத்தில் கட்டிய குழாய்

எங்கள் பக்கத்தில் கூட்டம் என்றால் ஒலிபெருக்கிக் குழாய் வெளியே பார்க்கும். அம்மன் கோயில் கொடையோ, சபையின் உபவாசக் கூட்டமோ, கல்யாண வீடோ, மைக் செட் போடுகிற அண்ணாச்சி முதலில் தேடுவது தெருவைப் பார்த்து நிற்கிற மரத்தைத்தான். பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தவனுக்குக் கேட்பது பெரிதில்லை. வராதவனுக்கும் கேட்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம் பாளையங்கோட்டையில் இரண்டு நாள் நடந்த சபைப் பெண்கள் கருத்தரங்கிலும் அவர் அப்படித்தான் செய்தார். மண்டபத்துக்குள் இரண்டு பெட்டி ஸ்பீக்கர்களை வைத்தார். பிறகு வழக்கம்போல ஒரு குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வெளியே வேப்பமரத்தில் கட்டினார். யாரும் கட்டச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்தக் கருத்தரங்கில் நான் மொழிபெயர்ப்பாளர். பெங்களூரிலிருந்து வந்த ஒரு அம்மா ஆங்கிலத்தில் பேசுவார். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்திருந்த நேரம். அவர் வாக்கியத்தை முடிக்குமுன்பே நான் தொடங்கிவிடுவேன், அவ்வளவு வேகம். அதே வேகத்தில், முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் ஊர்ச் சபைக் கோயிலில் எழுந்து நின்று, “எல்லாரும் கட்டாயம் வாங்க” என்று அறிவித்திருந்தேன். எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் பீடி சுற்றுகிற பெண்கள். கட்டணம் என்று ஒன்று உண்டு என எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் அறிந்த கூட்டங்களில் காணிக்கைப் பை வரும். முடிந்தவர் போடுவார், முடியாதவர் பக்கத்து ஆளிடம் நகர்த்துவார். அவ்வளவுதான்.

மண்டப வாசலில் மேசை போட்டு நூறு ரூபாய் வாங்கினார்கள். ஃபைல், பேனா, மதியச் சாப்பாடு எல்லாம் அதற்குள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது ஒரு வாரக் கூலியில் பெரும்பங்கு. ஜங்ஷனில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, என் சித்தி முன்னால் நடக்க, எல்லாரும் வந்து சேர்ந்தபோது நான் மேடையேறிவிட்டிருந்தேன். மேசையருகே அவர்கள் நிற்பதும், முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்ப்பதும், திரும்பிப் போவதும் மேடையிலிருந்தே தெரிந்தது. சத்தம் போடவில்லை. வெளியே போய் வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். தலைக்கு மேலே குழாய். முதல் பிரசங்கச் செய்தி முழுவதையும் அங்கிருந்தே கேட்டார்கள். ஜன்னல் வழியே சித்தியின் தலை ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நான் மொழிபெயர்த்தேன்.

தேநீர் இடைவேளையில் செயலாளர் அம்மாவும் அதைப் பார்த்துவிட்டார். வங்கியில் அதிகாரி. அந்தக் கருத்தரங்கைத் தன் தோளில் சுமந்தவர்.

“அண்ணாச்சி, அந்தக் குழாயக் கழட்டுங்க.”

“ஏம்மா, இரையுதா?”

“இரையல. பணம் கட்டாதவங்க கேக்காங்க.”

அண்ணாச்சிக்குப் பிடிபடவில்லை. “கேக்கத்தானம்மா குழாய் கட்டுதது?”

தலையைச் சொறிந்துகொண்டே போய் வயரைப் பிடுங்கினார். நான் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

“அக்கா, அவங்க எங்க ஊர்க்காரங்க. நான் சொல்லித்தான் வந்திருக்காவ.”

“வரட்டுமே, யாரு வேண்டாங்கா? போன வருசம் சும்மாதான் விட்டோம். சாப்பாட்டு நேரத்துக்கு வந்து கை கழுவிட்டுப் போனவங்கதான் பாதி. மண்டப வாடகைய நான் கையிலேருந்து கட்டினேன். வானத்துலேருந்து விழல.”

அது பொய்யில்லை என்று எனக்கும் தெரியும். “சாப்பாட்டுக்கு வாங்குங்க, ஃபைலுக்கு வாங்குங்க. பேச்சுக்கு எதுக்கு?”

“ரெண்டையும் எப்படிப் பிரிக்க?”

“பிரிக்கத்தான் அண்ணாச்சி குழாய் கட்டினாவ. சாப்பாடு உள்ள, பேச்சு வெளிய.”

“உனக்குத் தர்ற பணக் கவரும் அந்த நூறு ரூபாய்லேருந்துதான் வருது. தெரியும்லா?”

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஊழியம் செய்கிறவர் கூலி வாங்கலாம் என்பதற்கு அவரிடம் ஒரு வேத வசனம் இருந்தது. சும்மா கிடைத்ததைச் சும்மா கொடு என்பதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. இரண்டும் ஒரே புத்தகத்தில் இருப்பவைதான். நாங்கள் சண்டையை முடிக்குமுன் மணி அடித்துவிட்டது.

இரண்டாவது செய்தி தனி ஜெபம் பற்றியது. வெளியே அவர்கள் இன்னும் குழாயை அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்கள். என் வாய் மேடையில் வேலை செய்தது, கண் முழுக்க மரத்தடியில்.

சாப்பாட்டு மணி அடித்ததும் நேரே அங்கே போனேன்.

“ஏட்டி, கரண்டு எப்ப வரும்?” என்றாள் சித்தி.

“கரண்டு இருக்கு சித்தி. குழாய் வயரக் கழட்டிட்டாவ. துட்டு கட்டாதவங்களுக்குக் கேக்கக் கூடாதாம்.”

புதிதாகக் கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்திருந்த ஒருத்தி கேட்டாள்: “அப்ப காலையில கேட்டதுக்கு எம்புட்டு?”

சிரித்தார்கள். ஆனால் ஒருத்தி எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். “வாங்க மைனி, போவோம். வெயிலோட போய்ச் சேந்தா கொஞ்சமாவது சுத்தலாம்.” மற்றவர்களும் எழுந்தார்கள். இப்போது போனால் இனி எந்தக் கூட்டத்துக்கும் இவர்கள் வரமாட்டார்கள், நான் கூப்பிட்டாலும்தான். அது எனக்கு அப்போதே நிச்சயமாகத் தெரிந்தது.

“உக்காருங்க,” என்றேன். “அவ்வளவும் எங்கிட்ட இருக்கு.”

உண்மையிலேயே இருந்தது. மொழிபெயர்க்கிறவளின் வாய் வழியாகத்தான் ஒவ்வொரு வாக்கியமும் போகிறது. சூடு ஆறுவதற்குள் திருப்பிச் சொல்வது கஷ்டமில்லை. மேடைத் தமிழை விட்டுவிட்டு எங்கள் ஊர்த் தமிழில் சொன்னேன். தினமும் காலையில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் ஜெபிக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

“கதவா? எங்க வீட்டுல இருக்கதே ஒத்தக் கதவு. அதச் சாத்தினா பூராப் பேரும் தெருவுல நிக்கணும்.”

“பீடி சுத்துத சுளக மடியில வச்சுட்டா என்னைய ஒருத்தரும் கூப்பிட மாட்டாவ. நான் அப்படியே ஜெபிச்சுக்குவேன்.”

“கிழிச்ச. சுத்தும்போது மாமியாள வையத்தான நான் கேட்டிருக்கேன்?”

இந்தச் சிரிப்புச் சத்தத்துக்குத்தான் செயலாளர் அம்மா வெளியே வந்தார். பின்னாலேயே பெங்களூர் அம்மாவும்.

“என்ன நடக்குது இங்கன?”

“ரெண்டாவது செய்தியச் சொல்லுதேன்.”

“அது அவங்க செய்தி. நீ எப்படி எடுத்துக் கொடுக்கலாம்?”

“இங்கிலீஷ் அவங்களுது அக்கா. தமிழ் என்னுது.”

பெங்களூர் அம்மா என்ன விஷயம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இரண்டு பக்க வாதத்தையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். என் வாதத்துக்குக் கொஞ்சம் அழுத்தம் கூடியிருக்கலாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது உங்கள் ஊர் ஏற்பாடு, நான் தலையிட முடியாது என்றார். பிறகு குடிக்க வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டார்.

அப்புறம் நான் காத்திருக்கவில்லை. “அக்கா, மத்தியானமும் உள்ள நின்னு சொல்லுதேன். முடிஞ்சதும் இங்கன வந்து இவங்களுக்குச் சொல்லுவேன். எனக்குக் கவர் வேண்டாம். பிடிக்கலேன்னா இப்பவே வேற ஆளப் பாருங்க.”

“இவ்வளவு திமிரு ஆகாது பிள்ள,” என்றார். ஆனால் அந்த நேரத்தில் வேறு ஆளுக்கு எங்கே போவார்?

மதியச் செய்தியையும் அப்படியே வெளியே கொண்டுவந்தேன். இம்முறை ஃபைல் வைத்திருந்த சிலரும் மரத்தடிக்கு வந்தார்கள். ஒரு டீச்சர் தன் குறிப்பைப் பார்த்து, “ஒரு குறிப்ப விட்டுட்டியேம்மா,” என்றார். அதையும் சேர்த்துச் சொன்னேன்.

கிளம்பும்போது செயலாளர் அம்மா கோபமில்லாமல்தான் சொன்னார்: “நாளைக்கு நீ வரவேண்டாம்.” சரி என்றேன். இரண்டாம் நாளுக்கு ஒரு கல்லூரி ஆசிரியை ஏற்பாடாகிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார்கள். “நாளைக்கு எப்பச் சொல்லுவ?” என்றாள் சித்தி.

“நாளைக்கு அவங்க என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாதே சித்தி.”

“உனக்குன்னு ஒண்ணும் தெரியாதா?”

மறுநாள் சாயங்காலம், கம்பெனியில் பீடியைக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவராகக் கோயிலுக்கு வந்தார்கள். நான் எழுந்து நின்றேன். பக்கத்தில் வாக்கியம் எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை. முதல் வாக்கியம் வாய்க்கு வர வெகுநேரம் ஆனது. அவர்கள் அவசரப்படுத்தவில்லை. பிறகு தொடங்கினேன். அது வாரந்தோறும் கூடுகிற கூட்டமானது. எனக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போகும்வரை, ஆற்றில் வெள்ளம் வந்து பாதை மூழ்கிய வாரங்களிலும்கூட, அந்தக் கூட்டத்தை நான் நிறுத்தவில்லை.