கிராணிக்குப் படித்துக் காட்டிய மென்பொருள்

1. எழுத்தைப் பெரிதாக்கச் சொன்ன நாள்

சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்திலிருந்து மேனேஜர் சந்திரன் எனக்குப் போன் செய்தார். "ரோசி, நம்ம கிராணிக்கு ஸ்கிரீன்ல எழுத்து சரியா தெரியலையாம். வந்து கொஞ்சம் பெருசாக்கிக் குடுத்துட்டுப் போங்க லா" என்றார். அலோர் காஜாவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவளுக்கு இதைவிடச் சுலபமான வேலை கிடையாது. பில் கூடப் போட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

மாரிமுத்து கிராணி, அதாவது குமாஸ்தா, அந்தத் தோட்டத்து அலுவலகத்தின் பழைய ஆள். யார் வேலைக்கு வந்தார்கள், யாருக்கு எவ்வளவு ஓவர்டைம், லாரியில் போன பழக்குலை எவ்வளவு எடை என்பதெல்லாம் அவர் கைவழியாகத்தான் தலைமையகத்துக்குப் போகும். நான் எழுத்தைப் பெரிதாக்கினேன். "இன்னும் கொஞ்சம்மா" என்றார். மறுபடியும் பெரிதாக்கினேன். கடைசியில் ஒரு தொழிலாளியின் பெயரில் முதல் இரண்டு எழுத்துகளே திரை முழுவதையும் அடைத்துக்கொண்டன. அப்போதும் அவர் மூக்கு திரையில் உரசியபடிதான் இருந்தது.

மேனேஜர் வெளியே போனதும் கிராணி குரலைத் தாழ்த்தினார். "ரோசி, இனிப்பு நீர் வியாதி கண்ணுக்குப் போயிடுச்சு. வலது கண்ணு போச்சு. இடதும் நிக்காதுன்னுட்டாரு டாக்டரு. மேனேஜர்கிட்ட சொல்லிடாதம்மா. தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அவர் கெட்டிக்காரர். கண் போய்விட்டது, கெட்டிக்காரத்தனம் எங்கேயும் போய்விடவில்லை. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள் இருக்கிறது, அதற்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர், பார்வை இல்லாதவர்கள் அதை வைத்து எல்லா வேலையும் செய்கிறார்கள் என்று சொன்னேன். முகம் மலர்ந்தது. அதில் பெயர்பெற்ற ஒன்றின் விலையைச் சொன்னதும் வாடிவிட்டது. "என் தங்கச்சி மகன் எதையும் ஃப்ரீயா போட்டுத் தருவான். அவன்கிட்ட கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். கடையில் வேறு வேலைகள் காத்திருந்தன. இரண்டு நாளில் நானே ஒரு வழி சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

2. ஃப்ரீ என்ற பெயரில் வந்தது

அந்த இரண்டு நாளுக்குள் தங்கச்சி மகன் முந்திக்கொண்டான்.

நம் ஊரில் ஃப்ரீ என்றால் கிராக். கல்யாணக் கார்டு அடிக்கும் கடை முதல் டியூஷன் சென்டர் வரை இதுதான் வழக்கம். விலை போட்டு விற்கும் மென்பொருளின் பூட்டை யாரோ உடைத்து இணையத்தில் போட்டிருப்பார்கள். அதை இறக்கிப் போட்டுக்கொண்டு, "எங்ககிட்ட எல்லாமே ஃப்ரீ" என்று பெருமையாக வேறு சொல்வோம். திருட்டு என்று யாரும் நினைப்பதில்லை. விருந்தாளிக்குப் பலகாரம் கொடுப்பதுபோல ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வோம்.

தங்கச்சி மகன் போட்டுக் கொடுத்த கிராக்கோடு வைரஸும் வந்தது. அலுவலகக் கம்ப்யூட்டர்கள் மொத்தமும் படுத்துவிட்டன. தலைமையகம் தோட்டத்தின் இணைப்பையே துண்டித்தது. யார் இதைப் போட்டது, எதற்குப் போட்டார் என்று விசாரித்ததில் கண் விஷயமும் வெளியே வந்துவிட்டது.

நான் போனபோது மேனேஜரும் கிராணியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏண்ணே என்கிட்ட சொல்லல?" என்று கேட்டார் மேனேஜர். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது.

"சொன்னா வேலை போயிடும்னு பயந்தேன் சார்."

"இப்ப மட்டும்? தலைமையகம் ஆள் மாத்தச் சொல்லுது. நான் கெஞ்சி, அடுத்த சம்பளம் வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன். அந்தச் சம்பளத்தை நீங்களே தப்பில்லாம போட்டுக் காட்டணும். இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

காசு கொடுத்து ஸ்கிரீன் ரீடர் வாங்கித் தருவீர்களா என்று நான் கேட்டேன். இந்த வருடம் பட்ஜெட் இல்லை என்றார். அப்படியானால் ஓப்பன் சோர்ஸில் ஒன்று இருக்கிறது, அதற்குக் காசே வேண்டாம் என்றேன்.

"மறுபடியும் ஃப்ரீயா? போதும் லா ரோசி! ஒரு தடவை பட்டது பத்தாதா?"

"சார், பக்கத்து வீட்டு ரம்புத்தான் பழத்தை அவங்க இல்லாதப்ப ஏறிப் பறிச்சாலும் ஃப்ரீதான். அவங்களே பையில போட்டுக் குடுத்தாலும் ஃப்ரீதான். ரெண்டும் ஒண்ணா?"

சிரித்துவிட்டார். எழுதியவர்களே விரும்பிக் கொடுப்பது இது, எப்படி எழுதினார்கள் என்பதையும் திறந்து காட்டியிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், பலரும் கூலியில்லாமல் கூடி வேலை செய்யும் கோத்தோங் ரோயோங் மாதிரிதான் என்று விளக்கினேன். தலைமையகத்தின் ஐ.டி. ஆட்களுக்கும் விளக்கக் கடிதம் எழுதினேன். அவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு அரைமனதோடு சம்மதித்தார்கள்.

3. பட்டன், பட்டன், பட்டன்

ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு முதலில் ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்தேன். கிராணி அசையாமல் கேட்டார். "தமிழ் படிக்குதும்மா! சளி பிடிச்சவன் மாதிரி படிக்குது, ஆனா படிக்குது!"

அடுத்து ஆள் பட்டியல். நம் பெயர்களுக்கு நடுவில் மகன் என்பதற்கு a/l என்று போடுவார்களே, அதை ஒவ்வொரு பெயரிலும் "ஏ ஸ்லாஷ் எல்" என்று படித்தது. "யாரு ரோசி அந்த ஸ்லாஷு? தோட்டத்துல பாதிப் பேருக்கு அவன்தான் அப்பனா?" என்று கேட்டு அவரே சிரித்தார். உச்சரிப்பு அகராதியில் 'மகன்' என்று மாற்றிவிட்டேன். ஒரு நிமிட வேலை.

சம்பள சிஸ்டத்தைத் திறந்ததும் சிரிப்பு நின்றது. அது கம்பெனி காசு கொடுத்து வாங்கிய மென்பொருள். பட்டன்களில் படம் மட்டும்தான் இருக்கும், உள்ளே பெயர் வைக்கவில்லை. கண் உள்ளவனுக்குப் படம் போதும். ஸ்கிரீன் ரீடருக்கோ படிப்பதற்கு எதுவும் இல்லை. "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொன்னது. எது சேமிக்கும், எது அழிக்கும் என்று தெரியாமல் எதை அழுத்துவது?

விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த வசதி இப்போதைக்கு இல்லை, கோரிக்கை அனுப்புங்கள், பரிசீலிக்கிறோம் என்றார்கள். சம்பள நாள் பரிசீலனைக்குக் காத்திருக்குமா? ஸ்கிரீன் ரீடரை எழுதுகிறவர்கள் கூடும் இணையக் குழுவில் என் கஷ்டத்தைக் கொட்டினேன். பிரேசிலிலிருந்து ஒருவர் பதில் எழுதினார். அவருக்கும் பார்வை கிடையாது. செம்பனை மரத்திலா கொடியிலா காய்க்கும் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. திரையில் எந்த இடத்தில் எந்தப் பட்டன் என்று நான் எழுதி அனுப்ப, அவர் அதற்குப் பெயர் சொல்லும் ஆட்-ஆன் என்ற சின்னத் துணைநிரல் ஒன்றை எழுதித் தந்தார். சரிவராததைச் சொன்னேன், திருத்தினார்.

அந்த மாதச் சம்பளத்தைக் கிராணி தன்னந்தனியாகப் போட்டார். மேனேஜர் வரி வரியாகச் சரிபார்த்தார். தப்பே இல்லை. ஆள் மாற்றும் பேச்சு அதோடு அடங்கியது. கிராணி எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

4. திட்டுவதற்கு ஆள் இல்லாத நாள்

இங்கேயே கதையை முடித்தால் நான் ஓப்பன் சோர்ஸுக்குக் கொடி பிடிப்பவள் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை.

தீபாவளிக்கு முந்தைய சம்பளம். சம்பள சிஸ்டத்தை விற்றவர்கள் புதிய பதிப்பு போட்டதில் பட்டன்கள் இடம் மாறிவிட்டன. நம் ஆட்-ஆனுக்கு அது தெரியாது. "சேமி" என்று அது சொன்ன இடத்தில் இப்போது "தலைமையகத்துக்கு அனுப்பு" இருந்தது. கிராணி நம்பி அழுத்தினார். பாதிப் பேருடைய ஓவர்டைம் சேர்க்காத சம்பளக் கணக்கு தலைமையகத்துக்குப் போய்விட்டது.

மேனேஜர் கொதித்துவிட்டார். "வாங்குன சாஃப்ட்வேர்னா போன் போட்டுத் திட்டுவேன். இதுக்கு யாரைத் திட்டுறது? பிரேசில்காரனையா?"

நியாயமான கேள்வி. பிரேசில்காரர் நமக்கு ஒப்பந்தம் எதுவும் எழுதிக் கொடுத்தவர் அல்ல. அவருக்கும் வேலை, குடும்பம் உண்டு. சம்பள சிஸ்டம் விற்றவர்களோ, காசு வாங்குகிறவர்கள் என்பதால், உடனே போனை எடுத்தார்கள். அனுப்பிவிட்ட கணக்கை அன்றைக்கே திரும்ப எடுத்துக் கொடுத்தார்கள், கிராணி ஓவர்டைமைச் சேர்த்து மறுபடி அனுப்பினார். தோட்டத்துப் பிள்ளைகள் புதுத்துணி போட்டதற்கு காசு கொடுத்து வாங்கிய அந்த மென்பொருளுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

"என்னைத் திட்டுங்க சார்" என்றேன் நான். விளையாட்டாகச் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார். அந்த ஸ்கிரீன் ரீடரைப் பராமரிக்க அன்றைக்கே தோட்டம் என்னோடு ஒப்பந்தம் போட்டது. இலவசமாகக் கிடைப்பதையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கூலி உண்டு. இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சம்பள சிஸ்டம் விற்ற நிறுவனத்தின் இன்ஜினியரும் ஒருநாள் நேரில் வந்தார். கிராணி காதால் வேலை செய்வதை நின்று பார்த்தார். அடுத்த பதிப்பில் பட்டன்களுக்கு அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். ஆட்-ஆனுக்கு வேலையே இல்லாமல் போனது.

5. தலைமையகத்தின் பரிசு

மறு வருடம் பட்ஜெட் வந்தது. கிராணியின் வேலையில் திருப்திப்பட்ட தலைமையகம், விலை உயர்ந்த அந்தப் பெயர்பெற்ற ஸ்கிரீன் ரீடரையே வாங்கித் தருவதாகச் சொன்னது. மேனேஜர் என்னை வரவழைத்து, சோதனைப் பதிப்பைப் போட்டுக் காட்டச் சொன்னார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அருமையான மென்பொருள். மனிதக் குரல். தடுமாறாமல் படித்தது. கோளாறு என்றால் கூப்பிட ஒரு எண், வந்து பார்க்க ஆள், பயிற்சி எல்லாம் உண்டு. கிராணி ரசித்துக் கேட்டார். "வாங்கிக்குங்கண்ணே" என்று நானே சொன்னேன்.

ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டார். "ரோசி, இது இந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மட்டும்தானா?"

"ஆமாண்ணே. லைசென்ஸ் கம்பெனி பேர்ல."

"வீட்டுல என் மக வாங்கி வச்சிருக்கிற கம்ப்யூட்டர்ல போட முடியாதா?"

"முடியாதுண்ணே. தனியா வாங்கணும்."

"நான் ரிடையர் ஆனா?"

"அது கம்பெனி சொத்துண்ணே, அடுத்து வர்றவங்களுக்கு..." என்று ஆரம்பித்த மேனேஜர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கிராணிக்குக் கோபமே இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். "அப்ப கடைசி நாள்ல மாலை போட்டு, போட்டோ எடுத்து, அப்புறம் கண்ணைக் கழட்டி மேசையில வச்சுட்டுப் போகச் சொல்வீங்க. இல்லையா சார்?"

லைசென்ஸ் ஒப்பந்தங்களை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், வாடிக்கையாளர்களுக்கு விளக்கியும் இருக்கிறேன். அதில் ஒரு மனிதனின் கண் அடங்கியிருக்கும் என்று நினைத்ததே இல்லை.

பரிசு வேண்டாம் என்று மேனேஜரே கடிதம் எழுதினார். அந்த வார இறுதியில் நான் புக்கிட் காத்திலில் கிராணி தன் மகளோடு இருக்கும் வீட்டுக்குப் போய், அலுவலகத்தில் இருந்த அதே ஸ்கிரீன் ரீடரை அங்கிருந்த கம்ப்யூட்டரிலும் போட்டேன். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஃப்ரீயா, காசு கொடுத்ததா என்று இப்போது யார் கேட்டாலும் நான் விலையிலிருந்து பேச்சைத் தொடங்குவதில்லை. கெட்டுப்போனால் யார் வருவார்கள் என்று கேட்கச் சொல்கிறேன். அந்த வேலையை விட்டு அந்த மனிதர் எழுந்து போகும்போது அது அவரோடு போகுமா என்பதையும் கேட்கச் சொல்கிறேன். மாரிமுத்து அண்ணன் ரிடையர் ஆன அன்றைக்கு மாலை போட்டார்கள், போட்டோவும் எடுத்தார்கள். மறுநாள் காலையில் அவர் வீட்டில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார்.