மச்சினன் கையும் நான் கொடுத்த சிரிஞ்சும்

எழுபதுகளில் சித்தூரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். ஊசி போடாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் ஜனங்கள் எங்களைத் திருடர்களைப் போலப் பார்ப்பார்கள். அதனால் ஊசி பிடிக்கிற எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். அந்தக் கனத்தில்தான், திருப்பதி லாட்ஜில் வேலை பார்த்த என் மனைவியின் தம்பிக்குச் சத்து ஊசியைத் தனக்குத்தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்து, ஒரு கண்ணாடி சிரிஞ்சையும் பரிசளித்தேன். கல்யாணச் சீர் செய்ததுபோல் பெருமை வேறு.

ஆறே மாதத்தில், எவனோ அபினிலிருந்து லாட்ஜ் ரூமுக்குள்ளேயே தயாரித்து விற்ற போதைத் தண்ணீரை மச்சினன் அந்தச் சிரிஞ்சில் ஏற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்தான். கேட்டால் துளி வெட்கமில்லை. குடிப்பதில்லை என்று எங்கள் சர்ச் சபையில் வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போடுவது வழக்கம். அதை அவன் மீறவில்லையாம்.

"நானு குடிக்கிறேனா மாமா? ஊசிதான போட்டுக்கினு கீறேன். நீ குடுத்த சிரிஞ்சிதான், கொதிக்க வெச்சிதான் போடறேன்."

சிரிஞ்சைக் கொதிக்கவைத்தால் உள்ளே ஊற்றுகிற சாக்கடை பன்னீராகிவிடுமா என்று கத்தினேன். மாமியார் என்னைத்தான் அடக்கினார். தெருவில் பாதிப் பிள்ளைகள் சாராயக்கடையில் கிடக்க, தன் பிள்ளை வாயில் ஒரு சொட்டு பட்டதில்லை என்பது அவர் கட்சி.

ஒருநாள் இடது கை பூசணிக்காயாக வீங்கி, இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். முள் குத்தியது என்றார் மாமியார். மச்சினன் கூரையைப் பார்த்தான். எது உள்ளே போனது என்று தெரியாவிட்டால் கை போகும், ஆளும் போவான் என்றார் டாக்டர். மாமியார் என் முதுகைக் கிள்ளினார். கிள்ளக் கிள்ள எல்லாவற்றையும் சொன்னேன்.

"போடக் கத்துக் குடுத்தது யாரு?"

"நான்தான் சார். கம்பவுண்டர்."

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் தெலுங்கில் திட்டினார்; எனக்குத் தெலுங்கு நன்றாகவே புரியும். கண்ட கலப்படத்தில் ரத்தக்குழாய் அழுகுகிறது, இன்னும் ஒரு ஊசி போட்டிருந்தால் மூச்சே நின்றிருக்கும் என்றார்.

கை தப்பியது. இரண்டு விரல்கள் போயின. குடும்ப மானத்தை ஆஸ்பத்திரியில் அவிழ்த்துக் கொட்டியவன் என்று மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். நாலாம் நாள் மச்சினன் கண்ணீரோடு என்னைக் கிட்டே கூப்பிட்டான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நானும் தயாராகக் குனிந்தேன்.

"உடம்பெல்லாம் முறிக்குது மாமா. வலது கைல நீயே ஒண்ணு போட்டு உடு. யாருக்கும் சொல்லமாட்டேன்."

அறைய ஓங்கிய கையால், நர்ஸ் பார்த்துவிட்டதால், தலையைச் சொறிந்துகொண்டேன். பிறகு ஸ்டூலை இழுத்து அவன் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன். பதினோரு நாள்.