தங்கி வேலை பார்க்கப் போகும் வீட்டை முதலில் பார்த்துவிடுங்கள்: சாமல்பட்டியிலிருந்து ஓசூருக்கு ஒரு நாள்

வழக்கமாக இந்த வலைப்பூவில் அணைகள், கோட்டைகள், காட்டோரச் சாலைகள் பற்றி எழுதுவேன். இந்தப் பயணத்தில் அப்படிப் பார்க்க எதுவும் இல்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாமல்பட்டியிலிருந்து ஓசூருக்குப் போய், ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு, மாலையே திரும்பினோம். ஆனாலும் உங்களில் பலருக்கு என்றாவது இந்தப் பாதை தேவைப்படும். எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஸ்டெல்லா என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். இப்போது இருபது வயது, பி.ஏ. முடித்திருக்கிறாள். அப்பா இல்லை. அம்மா லூர்து மேரி மாம்பழக் கூழ் ஆலையில் சீசன் வேலைக்குப் போகிறவள். ஓசூரில் ஒரு ஏஜென்சியின் விளம்பரத்தை ஸ்டெல்லா போனில் பார்த்திருக்கிறாள். 'ஓ பேர்' என்று ஒரு வேலை. வெளிநாட்டில் இளம்பெண்கள் ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்த வீட்டுக் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டு, அந்த ஊர் மொழியைக் கற்பார்களாம். வேலைக்காரி அல்ல, குடும்பத்தில் ஒருத்தி. முதலில் ஒரு வருடம் ஓசூரில் ஒரு வீட்டில் பழகிக்கொள்ள வேண்டும், பிறகு ஜெர்மனி என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதில் என் பங்கும் உண்டு. நல்ல பெண் என்று ஒரு ஆசிரியர் கடிதம் கொடுக்க வேண்டும் என்று ஏஜென்சியில் கேட்டதாக ஸ்டெல்லா வந்து நின்றாள். ஐந்து நிமிடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எந்த வீடு, யார் இருக்கிறார்கள், எத்தனை குழந்தைகள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. முப்பத்தொரு வருடம் பிள்ளைகளிடம் 'கேள்வியை முழுதாகப் படித்துவிட்டு எழுது' என்று சொன்னவள் நான்.

அடுத்த வாரம் லூர்து மகிழ்ச்சியாக வந்து, ஒரிஜினலைக் கொடுத்தாகிவிட்டது என்றாள். எங்கள் பக்கம் இது ஒரு வழக்கம். கம்பெனிக்கு ஆள் எடுக்கும் கான்ட்ராக்டர்கள் சிலர் ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக. பல வருடமாக இப்படி நடந்து நடந்து, ஒரிஜினலைக் கேட்டால்தான் வேலை உண்மை என்று ஜனங்கள் நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். ஜெராக்ஸ் போதும் என்று ஒருவர் சொன்னால் அவர்மேல்தான் சந்தேகம் வருகிறது. வீட்டு விலாசம் என்ன என்று லூர்துவைக் கேட்டேன். சேருகிற அன்று அவர்களே வேனில் கூட்டிப் போவார்களாம், அதனால் விலாசம் தேவையில்லையாம். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆக, மூன்று பேரும் கிளம்பினோம். காலை 6.10க்கு சாமல்பட்டியில் கிருஷ்ணகிரி பஸ். ஆளுக்கு 35 ரூபாய், ஒரு மணி நேரம் பத்து நிமிடம். கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு 7.50க்கு ஓசூர் பஸ். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஆளுக்கு 50 ரூபாய். இடப்பக்க ஜன்னலில் வெயில் குறைவு. குருபரப்பள்ளி தாண்டும்வரை லாரிகள் வரிசைகட்டி நின்றதால் ஓசூர் சேர 9.25 ஆகிவிட்டது. காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்களை விட்டுவிட்டு, 10 மணிக்கு மேல் சேருவது போலக் கிளம்பினால் நெரிசல் கொஞ்சம் குறையும்.

ஏஜென்சி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து பத்து நிமிடம். ஒரு பேக்கரிக்கு மேல் ஒரே அறை. திறந்தது 10.30க்கு. ஏஜென்ட்டுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எங்களிடம் தமிழ், போனில் கன்னடம், டீ கொண்டுவந்தவரிடம் தெலுங்கு. மூன்று மொழியிலும் 'கவலைப்படாதீங்க' என்பதை ஒரே வேகத்தில் சொன்னார்.

வீட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். ரூல்ஸ் இல்லை என்றார். சேருவதற்கு முன் இரண்டு குடும்பமும் நேரில் சந்தித்தால் குழப்பம் வருமாம். அப்படியானால் சான்றிதழ்களைக் கொடுங்கள் என்றேன். அவை பெங்களூரு தலைமை அலுவலகத்தில் இருக்கின்றனவாம், வர ஒரு வாரம் ஆகுமாம். வாங்கியதற்கு ரசீது கேட்டேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஏன் டீச்சர், உங்க ஸ்கூல்ல நீங்க டிசி புடிச்சு வெச்சதே இல்லீங்களா?"

பிடித்து வைத்திருக்கிறேன். நூலகப் புத்தகம் ஒன்று திரும்பி வரவில்லை என்பதற்காக, ரெக்கார்டு நோட்டு பாக்கி என்பதற்காக, மாற்றுச் சான்றிதழைப் பத்து நாள், பதினைந்து நாள் தராமல் வைத்திருக்கிறேன். பெற்றோர் கைகட்டி நின்றிருக்கிறார்கள். தாளைப் பிடித்து வைத்தால் ஆளைப் பிடித்து வைக்கலாம் என்பதை இந்த மனிதர் எங்கே கற்றார்? எங்களைப் போன்றவர்களிடம்தான். ஆனாலும் எழுந்து போக மனமில்லை.

அப்போது ஸ்டெல்லா என் காதருகே, "அந்த மேடம் நம்பர் எங்கிட்ட இருக்குது டீச்சர்" என்றாள். முன்பு வீடியோ காலில் பேசியபோது, வேலைக்குப் போக வேண்டிய வீட்டு அம்மாவே நம்பரைக் கொடுத்திருக்கிறார். நேரடியாகப் பேசக் கூடாது என்று ஏஜென்ட் திட்டியதால் இவள் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. படியிறங்கி பேக்கரி வாசலில் நின்று கூப்பிட்டோம். வீட்டைப் பார்க்க வரலாமா என்று ஸ்டெல்லா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தாராளமா வாம்மா, நீ வரவே மாட்டேன்னு சொன்னதா இல்ல ஏஜென்சியில சொன்னாங்க" என்றார் அந்த அம்மா.

ஆட்டோ 200 ரூபாய். கர்நாடக எல்லைக்கு முன்னால் ஜூஜூவாடிப் பக்கம் ஒரு லேஅவுட், ஏழு கிலோமீட்டர். டிரைவர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, பெண் பார்க்கப் போகிறோமா என்று கேட்டார். "இல்லப்பா, வீடு பாக்க" என்றாள் லூர்து. "வாடகைக்கா, லீசுக்கா?" என்றார் அவர். ஏஜென்ட் மூன்று முறை கூப்பிட்டார். ஸ்டெல்லா போனை எடுக்கவில்லை.

ஷைலஜா என்று பெயர் வைத்துக்கொள்வோம், அந்த அம்மாவுக்கு. கணவருக்கு ஒரு தொழிற்சாலையில் மேலாளர் வேலை. அடுத்த மாதம் இவரும் வேலைக்குத் திரும்ப வேண்டும். நான்கு வயதில் ஒரு பெண், எட்டு மாதத்தில் ஒரு ஆண் குழந்தை. கண்ணுக்குக் கீழே கருவளையம். மோர் கொடுத்தார். கெட்ட மனுஷி என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகக் கலக்கத்தைக் கொடுத்தது.

ஸ்டெல்லா தங்கப்போகும் அறையைக் காட்டினார். சமையலறைக்குப் பின்னால், முன்பு வாஷிங் மெஷின் இருந்த இடம். கட்டில், மின்விசிறி, சின்ன ஜன்னல். கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் இருந்தது. உள்ளே இல்லை.

கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைப் பார்க்கிறோம். வாடகை வீட்டுக்குப் போனால் குழாயைத் திறந்து பார்க்கிறோம். ஒரு வருடத்துக்குப் பெண்பிள்ளையை விடப்போகிற அறையின் கதவை யாரும் சாத்திப் பார்ப்பதில்லை. நான் உள்ளே போய் நின்று சாத்திப் பார்த்தேன். காற்றுக்குத் தானாகத் திறந்துகொண்டது.

"பாப்பா மெஷின்கிட்ட போயிடும்னு வெளிய போட்டது டீச்சர். உள்ள இல்லேங்கறதை நான் யோசிக்கவே இல்ல" என்றார் ஷைலஜா. பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த அறையில், அவரே சொன்னபடி, முன்பு வேலைக்கிருந்த ஒரு பெண் ஏழு மாதம் தங்கியிருந்திருக்கிறாள். ஏழு மாதமும் யோசிக்கவில்லை.

பிறகு குழந்தையை ஸ்டெல்லாவிடம் நீட்டினார். அவள் பயந்து பயந்து வாங்கினாள். "எட்டு மாசக் கொழந்தைய நான் தனியா பாத்ததே இல்லீங்க மேடம்." ஷைலஜாவின் முகம் மாறியது. ஏஜென்சி அவருக்குக் கொடுத்திருந்த தாளில் ஸ்டெல்லாவுக்கு வயது இருபத்து நான்கு. இரண்டு வருட அனுபவம், முதலுதவிப் பயிற்சி, போலீஸ் சரிபார்ப்பு முடிந்தது என்றெல்லாம் அச்சடித்திருந்தது. கீழே என் கடிதத்தின் நகல். இரண்டு பக்கமும் ஒரே ஆள் இரண்டு விதமாகப் பொய் சொல்லியிருக்கிறார். இரண்டு குடும்பமும் சந்தித்தால் குழப்பம் வரும் என்றாரே, அது மட்டும்தான் அவர் சொன்னதில் உண்மை.

"அப்ப அந்த சர்டிபிகேட்டாவது உண்மைதானே?" என்று கேட்டுக்கொண்டே ஷைலஜா பீரோவைத் திறந்தார். பெங்களூருவில் இருப்பதாகச் சொன்ன ஸ்டெல்லாவின் ஃபைல் அங்கே இருந்தது. லூர்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க சேஃப்டிக்குன்னு அவங்கதான் குடுத்தாங்க. இவங்க திடீர்னு போயிட்டா நாங்க எங்க போறது?" என்றார் ஷைலஜா. அதன் கீழே இன்னொரு ஃபைல் இருந்தது. யாருடையது என்று ஸ்டெல்லா கேட்டாள். முன்பு இருந்த பெண்ணுடையது, ஜவளகிரிப் பக்கம், ஊருக்குப் போகிறேன் என்று போனவள் திரும்பவில்லை என்றார்.

"அது இதைக் கேக்கலீங்களா?"

"கேட்டுது. ரெண்டு மூணு தடவை. ஏஜென்சியில குடுக்காதீங்கன்னாங்க."

அந்தப் பெண் போய் ஐந்து மாதம். ஐந்து மாதமாக அவளுடைய பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் யாரோ ஒருவருடைய புடவைகளுக்கு அடியில் கிடக்கின்றன. குரலை உயர்த்திவிட்டேன். இது உங்கள் பாதுகாப்பு என்றால் அவளுடையது எது என்று கேட்டேன். நான்கு வயதுப் பெண் அழ ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டேன்.

ஷைலஜா ஸ்டெல்லாவின் ஃபைலை அவள் கையிலேயே கொடுத்தார். உள்ளே தாழ்ப்பாள் நாளைக்கே போடுகிறேன், வேலை நேரம், விடுமுறை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், ஏஜென்சி வேண்டாம், குழந்தையைப் பார்க்க நானே பழக்குகிறேன், நீ வா என்றார். கண் கலங்கியிருந்தது. லூர்து என்னைப் பார்த்தாள். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன்.

"அந்தப் பொண்ணுக்கு மொதல்ல குடுத்துடுங்க மேடம். அப்புறமா நான் யோசிக்கறேன்" என்றாள்.

ஷைலஜாவின் நம்பரிலிருந்து கூப்பிட்டபோது அந்தப் பெண் எடுக்கவில்லை. ஸ்டெல்லாவின் போனிலிருந்து கூப்பிட்டதும் எடுத்தாள். அவள் என்ன பேசினாள் என்பதை எழுத எனக்கு உரிமையில்லை. இரண்டு நாள் கழித்து, தளி பேருந்து நிலையத்தில் ஷைலஜாவே போய் ஃபைலைக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். ஏஜென்சி மேல் அவரும் நானும் தனித்தனியாகப் புகார் கொடுத்து, அதற்கு ரசீதும் வாங்கியிருக்கிறோம். என் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகப் பதிவுத் தபாலில் ஏஜென்சிக்கு எழுதிவிட்டேன். இதை எழுதும் இன்றுவரை பேக்கரிக்கு மேல் அந்தப் போர்டு தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்று பேருக்கும் போகவர பஸ், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,130 ரூபாய் ஆயிற்று. திரும்ப 3 மணிக்கு ஓசூரில் ஏறினால் இருட்டுவதற்குள் வீடு சேரலாம்.

இனி, இப்படிப் பிள்ளையை அனுப்பப் போகிறவர்களுக்கு. சேருவதற்கு முன், பகலில், நீங்களே அந்த வீட்டுக்குப் போங்கள். போகக் கூடாது என்று யார் சொன்னாலும் அந்த வேலை வேண்டாம். அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கையால் போட்டுப் பாருங்கள். ஒரிஜினலைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. ஜெராக்ஸ் கொடுத்தால் அதன்மேல் எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். போன் பிள்ளையிடமே இருக்க வேண்டும். திரும்பி வருவதற்கான பஸ் காசு அவள் பையில் தனியாக இருக்க வேண்டும். முன்பு வேலை செய்த பெண் ஏன் போனாள் என்று கேளுங்கள், முடிந்தால் அவளிடமே கேளுங்கள்.

குழந்தையை நம்பி ஒப்படைக்கப் போகும் பெற்றோருக்கும் ஒன்று. தாளைப் பூட்டி வைத்தால் உங்கள் குழந்தை பத்திரமாகிவிடாது. போக முடியாமல் இருக்கிற பெண்ணிடமா கைக்குழந்தையை விடுவீர்கள்? நற்சான்றுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு போன் போடுங்கள். என் கடிதத்தில் நம்பர் இருந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. வந்த பெண்ணோடு முதல் சில நாட்கள் நீங்களும் வீட்டில் இருங்கள்.

ஸ்டெல்லா ஷைலஜா வீட்டுக்குப் போகவில்லை. வேண்டாம் என்று அவளே போன் செய்து, நிதானமாகச் சொன்னாள். குழந்தை பார்க்கும் வேலையில் ஆசை போகவில்லை. இப்போது காலையில் கிருஷ்ணகிரியில் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குப் போய்ப் பழகுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வேறொரு குடும்பத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். நானும் அங்கே இருந்தேன். அவர்கள் சம்பளத்தைச் சொல்வதற்கு முன் இவள் நான்கு கேள்வி கேட்டாள். நான்காவது, முன்பு இருந்தவளின் போன் நம்பர். அவர்கள் போனை வைத்துவிட்டார்கள்.

"இப்புடிக் கேட்டா எவடி உனக்கு வேலை குடுப்பா?" என்று லூர்து தலையில் கைவைத்தாள்.

"பதில் சொல்றவங்க குடுப்பாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, ஸ்டெல்லா காப்பகத்தில் வாங்கி வைத்திருந்த இன்னொரு வீட்டின் நம்பரை அழுத்தினாள்.