தீர்த்தம் தெளிக்க ஒரு ட்ரோன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிபன் முடிந்து அடுப்படியை ஒழித்துக்கொண்டிருந்தேன். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம். எட்டிப் பார்த்தால் வெள்ளை வேட்டியில் மூன்று பேர். ஒருவர் கையில் தாம்பாளம் – வெற்றிலை, பாக்கு, ஆப்பிள், ஒரு சீப்பு வாழைப்பழம்.

எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண்ணும் இல்லை, பையனும் இல்லை. ஆகவே தாம்பாளம் என் வீட்டுக்காரருக்குத்தான் என்று நினைத்தேன். செராமிக் ஃபேக்டரியில் சூளைப் பகுதி சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர். சொந்த ஊரில் ஏதாவது விசேஷம் என்றால் மரியாதைக்கு வந்து அழைப்பார்கள். அவரும் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

வந்தவர்கள் அவரைத் தாண்டி உள்ளே பார்த்தார்கள்.

"பைலட்டு இல்லீங்களா?"

பைலட் என்றால் என் மருமகள் சுகந்தி.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலம் முன்பு வரை சுகந்தி இங்கே விருத்தாசலத்திலேயே ஒரு வாஷ்பேசின் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். கீறல் விழுந்த பீஸை ஒதுக்குகிற வேலை. மகளிர் குழுவில் ட்ரோன் பயிற்சி என்று பேச்சு வந்தபோது என் மகன் உட்பட எங்கள் யாரையும் கேட்காமல் பெயர் கொடுத்தாள். பரீட்சை எழுதி, பறக்கவிட்டுக் காட்டி, பைலட் சர்ட்டிபிகேட்டோடு வந்தாள். இப்போது வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் எங்கள் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், கைகளை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். அப்புறம்தான் எங்களை.

வந்த மூவரில் முக்கியமானவர் ராமலிங்கம். என் வீட்டுக்காரரின் பங்காளி. கருவேப்பிலங்குறிச்சியைத் தாண்டி இருக்கும் எங்கள் சொந்த ஊரின் கோயில் கமிட்டித் தலைவர். சுகந்தி மருந்தடிக்கப் போகும் ஊர்களில் அதிக வேலை தருவதும் அந்த ஊர்தான்.

"கும்பாபிஷேகம் வருது. கலசத்துல தீர்த்தம் ஊத்துற நேரத்துல சுகந்தி மேல இருந்து ஜனங்க மேல தீர்த்தம் தெளிக்கணும். ட்ரோன்லதான். மைக்குல பேரைச் சொல்லி அறிவிக்கிறோம். பக்கத்து ஊர்ல வெளியூர் ஆளை வெச்சி செஞ்சாங்க, வீடியோ எங்கெங்கியோ போயிடுச்சி. நம்ம வூட்டுப் பொண்ணே பைலட்டா இருக்குது... நாம வுட்டுட முடியுமா?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மைக்கில் பேர். அதுவும் புகுந்த வீட்டு ஊரில். எந்த மாமியாருக்குத்தான் கசக்கும்?

சுகந்தி டீயைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

"எவ்ளோ ஜனம் வரும்ங்க மாமா?"

"சுத்துப்பட்டு ஊரு பூரா வரும்மா."

"அப்ப முடியாதுங்க."

டீ குடித்துக்கொண்டிருந்த மூன்று பேரும் டம்ளரைக் கீழே இறக்கினார்கள்.

"ஜனத்துக்கு மேல பறக்கவுடக் கூடாதுங்க மாமா. ட்ரெயினிங்ல முதல்ல சொல்லிக்குடுத்ததே அதான். தண்ணி ரொப்புனா இது ஒரு ஆள் தூக்குற வெயிட்டு இல்ல. தலை மேல வந்தா என்ன ஆவும்?"

"பக்கத்து ஊர்ல வுட்டாங்களே?"

"வுட்டாங்க. வுழல. அவங்க நல்ல நேரம்."

"இன்ஸ்பெக்டரு நமக்குத் தெரிஞ்சவர்தான்."

"தெரிஞ்சவரா இருக்கட்டும்ங்க. கூட்டத்து மேல வுடலாம்னு எழுதித் தருவாரா?"

ராமலிங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சுகந்தி தணிந்த குரலில் இன்னொன்றும் சொன்னாள். "அதோட... இது மருந்தடிக்கிற டேங்கு. எத்தனை தடவை கழுவினாலும் உங்க பேரப்புள்ள தலையில அதைத் தெளிக்க எனக்கு மனசு வராதுங்க."

அன்று வீட்டில் இன்னொரு பைலட்டும் இருந்தார் – என் கொழுந்தனார் சேகர். இவர் பொழுதுபோக்கு பைலட். பேங்க் வேலை முடிந்து ஓய்வில் இருப்பவர். உள்ளங்கை அகலத்தில் ஒரு கேமரா ட்ரோன் வாங்கி வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் ஓட்டுவார். பக்கத்து வீட்டு அம்மா துணி காயவைக்கும்போது அது எதிரே போய் நின்றதும், அந்த அம்மா துடைப்பத்தோடு வந்ததும் எங்கள் தெருவுக்கே தெரியும்.

சேகர் நடுவில் புகுந்தார். "என்னோடது கால் கிலோகூட இல்ல. இதுக்கு லைசென்ஸே வேணாம். தீர்த்தம் தெளிக்காட்டி என்ன, மேல வுட்டு கூட்டத்தைப் படம் எடுத்துத் தரேன்."

சுகந்தி திரும்பினாள். "சின்ன மாமா, லைசென்ஸ்தான் வேணாம்னு இருக்குது. ரூல்ஸே வேணாம்னு இல்ல."

சேகர் அதன் பிறகு வாழைப்பழத்தை உரிப்பதில் கவனமாகிவிட்டார்.

எனக்கும் ஆரம்பத்தில் இந்த ட்ரோன் விதிகள் எல்லாம் தலை சுற்றின. வானத்துக்கு மேப் போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் அடித்து வைத்திருக்கிறார்கள். பச்சையில் பறக்கலாம், ஆனால் ஒரு உயரத்துக்கு மேல் போகக் கூடாது. மஞ்சள் என்றால் அனுமதி கேட்க வேண்டும். சிவப்பு என்றால் நினைக்கவே கூடாது. நேற்று பச்சையாக இருந்த இடத்துக்கு ஒரு பெரிய தலைவர் வருகிறார் என்றால் இன்று சிவப்பாகிவிடும். ட்ரோனுக்குப் பதிவு எண், பிழைப்புக்கு ஓட்டுகிறவர்களுக்கு சர்ட்டிபிகேட், இன்ஷூரன்ஸ்... "பட்டம் வுடுறவனுக்கு இவ்ளோ தொல்லையா?" என்பது சேகரின் நிரந்தரக் கேள்வி. நியாயமான கேள்விதான் என்று நானும் நினைத்ததுண்டு.

வந்தவர்கள் கிளம்பினார்கள். தாம்பாளத்தை வைத்துவிட்டுத்தான் போனார்கள், ஆனால் "போயிட்டு வரோம்" என்று சொல்லவில்லை. சொல்லாமல் போனால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாளிலிருந்து போன். மக்காச்சோளத்துக்கு மருந்தை அப்புறம் பார்த்துக்கலாம் என்றார் ஒருவர். நெல்லுக்கு ஆளை வைத்தே அடிக்கிறோம் என்றார் இன்னொருவர். அந்த ஊரின் புக்கிங் ஒவ்வொன்றாகக் கழன்றது. என் வீட்டுக்காரர் பேப்பரை விரித்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது பிறந்த மண். அங்கே தலைகுனிவு என்றால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒரு மாலை சுகந்தி பேட்டரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வுழுந்துடும்னு ரொம்பப் பயமா இருக்குதாம்மா?"

"வுழறதுக்குப் பயம் இல்ல அத்தை. வுழுந்துச்சே ஒரு தடவை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"திட்டக்குடி பக்கம் மக்காச்சோளக் கொல்லையில அடிச்சிக்கிட்டு இருந்தேன். திடீர்னு ஒரு மோட்டாரு நின்னுடுச்சி. ஒரு பக்கமா சாஞ்சி, சுத்திக்கிட்டே வந்து வுழுந்துச்சி. நான் வேணாம் வேணாம்னு சொல்லியும் கொல்லைக்காரர் பக்கத்துல நின்னு போன்ல படம் எடுக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. சண்டை போட்டுதான் வெளிய அனுப்பினேன். அவரு நின்ன எடத்துலதான் அத்தை வுழுந்துச்சி. சோளம் எல்லாம் நசுங்கிக் கெடந்துச்சி. அதைப் பாத்துட்டு அன்னிக்கி அப்புறம் நான் ரிமோட்டைத் தொடவே இல்ல."

பேட்டரியைக் கீழே வைத்தாள். "இங்க தலை மேல தலையா நிப்பாங்க. எங்க போயி நான் எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்றது?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்யத் தோன்றியது.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் விடிகாலையே ஊருக்குப் போய்விட்டோம். மறுபடி தடை சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று ராமலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுகந்தி அவரிடம் போகவில்லை. சேகரிடம் போனாள்.

"சின்ன மாமா, வாங்க. இப்ப கோயிலைச் சுத்தி ஆளே இல்ல. மேப்புல பச்சைதான், பாத்துட்டேன். கோபுரத்தை எடுங்க. நான் பக்கத்துல நின்னு பாத்துக்குறேன்."

சேகர் முகத்தைப் பார்க்க வேண்டுமே... காலை வெயிலில் புது வர்ணம் அடித்த கோபுரம், பின்னால் பச்சை வயல், தூரத்தில் வெள்ளாறு. நிதானமாக, கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே ஓட்டி எடுத்தார். மத்தியானத்துக்குள் ஊர் வாட்ஸ்அப் முழுக்க அதுதான். அவர் மாடியில் இத்தனை நாள் பறக்கவிட்டதை யாரும் ஒரு தடவைகூடப் பாராட்டியதில்லை. துடைப்பம்தான் வந்தது.

மறுநாள் விழா. மேளம், வேத கோஷம், நிற்க இடமில்லாத கூட்டம். "சிறிது நேரத்தில் ட்ரோன் மூலம் புனித நீர் தெளிக்கப்படும்" என்று மைக்கில் அறிவிப்பு வந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

குளத்தங்கரையில் ஒரு வேன். விழுப்புரம் பக்கத்திலிருந்து வரவழைத்த பைலட், முப்பது வயதுக்காரர், ட்ரோனின் கைகளை விரித்துக்கொண்டிருந்தார். சுகந்தி நேரே அவரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். சண்டை வருமோ என்று எனக்குப் பதற்றம்.

"அண்ணே, நானும் பைலட்டுதான். சர்ட்டிபிகேட் வெச்சிருக்கீங்களா?"

"இருக்குதும்மா. என்னா விஷயம்?"

"இந்தக் கூட்டத்து மேல வுடப் போறீங்களா?"

"பர்மிஷன் எல்லாம் வாங்கியாச்சுன்னாங்க. கூட்டத்தை ஒரு பக்கமா ஒதுக்கித் தரோம்னும் சொன்னாங்க." அவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். குளத்துப் படிக்கட்டிலும் ஆள். மதில் மேலும் ஆள். வேப்பமரத்துக் கிளையிலும் ஆள்.

"யாரும் எதுவும் வாங்கல அண்ணே. என்கிட்டதான் முதல்ல கேட்டாங்க. ஏதாவது ஆச்சின்னா கேஸு உங்க மேலதான் வரும். இவங்க பேரு எதுலயும் இருக்காது."

அவர் விரித்த கைகளை ஒவ்வொன்றாக மடக்கினார். பேட்டரியைக் கழற்றி வேனுக்குள் வைத்தார்.

ராமலிங்கம் ஓடி வந்தார். "என்னாய்யா, ஒரு பொம்பளப்புள்ள சொல்லிச்சின்னு மூட்டை கட்டுற?"

"அவங்க சொன்னதுக்காக இல்லீங்க. நானே கேட்டிருக்கணும். இவ்ளோ கூட்டத்து மேல வுட முடியாதுங்க. ரூல்ஸ் அப்படி."

ராமலிங்கம் சுகந்தி பக்கம் திரும்பினார். என்ன சொல்லியிருப்பாரோ... அதற்குள் என் வீட்டுக்காரர் குறுக்கே வந்து நின்றார். இத்தனை நாள் வாயே திறக்காத மனிதர்.

"ராமலிங்கம், எம்மருமவ சொன்னது சரி. கோவம் இருந்தா எங்கிட்ட காட்டு."

சொந்த ஊரில், சொந்தப் பங்காளிகளுக்கு நடுவில். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் இவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

அங்கே நின்றபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. விதி என்றால் கையைக் கட்டிப்போடுவது என்று நினைத்திருந்தேன். பெரியவர்கள் வந்து கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் எதைச் சொல்லி மறுக்க முடியும்? பயமாக இருக்கிறது என்றால் சிரிப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் திமிர் என்பார்கள். "ரூல்ஸ்ல இடம் இல்லீங்க" என்று ஒரு வார்த்தை... அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நின்றாள். அந்த வெளியூர்க்காரரும் நின்றார்.

தீர்த்தம் எப்போதும் போலத்தான் தெளிக்கப்பட்டது. குருக்கள் மேலே நின்று மாவிலையால் தெளித்தார். இளவட்டங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார்கள். என் முகத்திலும் சில துளிகள் பட்டன. ட்ரோன் எங்கே என்று சிலர் கேட்டார்கள், பிறகு மறந்துவிட்டு அன்னதான வரிசைக்குப் போனார்கள்.

எதுவும் விழவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகாத ஒன்றுக்கு யார் வந்து நன்றி சொல்வார்கள்? பிரசாதம் கொடுக்கும்போதுகூட ராமலிங்கம் எங்களைப் பார்க்காமல்தான் கொடுத்தார்.

போன வாரம் போன் வந்தது. ராமலிங்கத்தின் மனைவி.

"சுகந்தி, மக்காச்சோளத்துல புழு வுழுந்துடுச்சிம்மா. குருத்தைத் தின்னுட்டு இருக்குது. ஆளை வெச்சி அடிச்சா முடியற கதையா இல்ல. வரியா?"

நானாக இருந்தால் ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் விட்டிருக்க மாட்டேன். சுகந்தி, "நாளைக்குக் காலையில வரேங்க அத்தை. காத்து இல்லாதப்ப அடிச்சிடலாம்" என்றாள்.

நானும் கூடப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான், மறைப்பானேன்? வரப்பில் ராமலிங்கம், அவர் மனைவி, அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் கொஞ்சம் பேர். சுகந்தி டேங்கை நிரப்பினாள், ஒவ்வொரு இறக்கையாகத் தொட்டுப் பார்த்தாள், ரிமோட்டைக் கையில் எடுத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எல்லாரும் ரோட்டுக்கு அந்தாண்ட போயிடுங்க. மாமா, நீங்களும்தான்."

யாரும் அசையவில்லை. எல்லோரும் ராமலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். முதல் ஆளாக ரோட்டைத் தாண்டி நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். நானும் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தபோது, சுகந்தி சொன்ன இடத்தைவிட இன்னும் கொஞ்சம் தள்ளியே அவர் நின்றுகொண்டிருந்தார்.

ட்ரோன் எழும்பியது. சோளத்தட்டைகள் அதன் காற்றில் சாய்ந்தன. என் மருமகள் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொந்த மருமகளைப் பற்றி பத்திரிகையில் ஒரு பத்தி முழுக்க இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள்... மாமியார் எழுதாமல் வேறு யார் எழுதுவதாம்?