புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி

எனக்கு வலது இடது குழப்பம் உண்டு. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஐம்பதை நெருங்கும் ஆள், திண்டிவனத்தில் சொந்தமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறவன், தினமும் வண்டி ஓட்டுகிறவன், இவனுக்கா தெரியாது என்று சிரிப்பார்கள். என் கைகளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. வாட்ச் கட்டியிருக்கும் கை இடது, மற்றது வலது. எதிரே ஓர் ஆள் வந்து நின்றுவிட்டால்தான் வம்பு. அவருடைய வலது எது என்று கண்டுபிடிக்க, மனசுக்குள் அவரைத் திருப்பி நிறுத்துவேன். கூடவே நானும் திரும்பிவிடுவேன். கடைசியில் இரண்டு பேரும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதே மறந்துபோகும். கடையில் வழி கேட்கிறவர்களுக்குக் கையை மட்டும் நீட்டுவேன், வாயைத் திறக்கமாட்டேன்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் ஒரு கண் சிகிச்சை முகாமில் பிளாஸ்திரி ஒட்ட உட்கார வைத்தார்கள்.

நான் அந்தச் சேவைச் சங்கத்தில் சேர்ந்ததே ஒரு குழப்பத்தில்தான். அவர்களுடைய நோட்டீஸ்கள் எல்லாம் என் கடையில்தான் பிரதி எடுக்கப்படும். ரத்ததானம், மரக்கன்று, பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி என்று மாதம் ஒன்றாவது வரும். ஒரு நாள் சங்கத் தலைவர், சிமெண்ட் கடை வைத்திருப்பவர், "நோட்டீஸ்லாம் நீங்கதான போட்றீங்க, சாயந்திரம் கூட்டத்துக்கு எடுத்துக்கினு வந்துடுங்களேன்" என்றார். எடுத்துக்கொண்டு போனேன். சட்டையில் ஒரு பேட்ஜைக் குத்தினார்கள், கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த இடத்தில் இடைவெளி இருந்தது என்று இன்றும் யோசித்துப் பார்க்கிறேன். அகப்படவில்லை.

முகாம் ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. புதுச்சேரியிலிருந்து ஒரு கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் டாக்டரையும் பஸ்ஸையும் அனுப்பியிருந்தார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்ப்பார். புரை முற்றியிருந்தால் கார்டில் எழுதித் தருவார். வலது கண் என்றால் ஆர்.ஈ., இடது கண் என்றால் எல்.ஈ. அந்தக் கார்டைப் பார்த்து, அந்தக் கண்ணுக்கு நேராகப் புருவத்துக்கு மேலே ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டவேண்டியது சங்கத்து ஆளின் வேலை. பிளாஸ்திரி உள்ளவர்கள் மத்தியானம் பஸ்ஸில் ஏறுவார்கள். மறுநாள் ஆபரேஷன். வழக்கமாக ஒட்டுகிறவர் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

எனக்கு வராது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். கார்டு வந்ததும் நான் எழுந்து அந்த ஆளின் பக்கத்தில் போய், அவர் பார்க்கும் திசையிலேயே நானும் பார்த்து நிற்பேன். இப்போது என் இடது அவருக்கும் இடது. ஒட்டிவிட்டு வந்து உட்காருவேன். பத்துப் பேர் வரைக்கும் இது ஒழுங்காக நடந்தது. அதற்குள் தலைவர் வந்துவிட்டார்.

"இன்னா சார், ஒவ்வொருத்தர் கூடயும் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நின்னுக்கினு இருக்கீங்க? லைன் ரோடு வரைக்கும் போயிடுச்சு. ஒக்காந்து ஜல்தியா ஒட்டி அனுப்புங்க."

உட்கார்ந்தேன். பிளாஸ்திரியின் பசை வாட்ச் வாரில் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுத்ததால் வாட்சை ஏற்கெனவே கழற்றிப் பாக்கெட்டில் போட்டிருந்தேன். இருந்த இரண்டு துணையும் போயிற்று.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கூலி வேலை செய்கிறவர் என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. நான் கேட்காமலே, வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுக்கும் வேலையைப் பற்றிப் பேசினார்.

"கண்ணு தெரியாம மல்லாட்டைக்குக் களை எடுக்கறப்ப செடியையும் சேத்துப் புடுங்கிப்புடறேன் சார். வேலைக்கு ஆளுங்களக் கூட்டிக்கினு போறவ இனிமே வராதன்னுட்டா. அடுத்த மாசம் களை ஆரம்பிச்சிடும். அதுக்குள்ள கண்ணு வந்துடுமா சார்?"

"வந்துடும்மா" என்றேன், ஆபரேஷன் செய்யப் போவதே நான்தான் என்பது போல. கார்டில் எல்.ஈ. என்று இருந்தது. பிளாஸ்திரியைக் கிழித்து, என் இடது கைப் பக்கம் இருந்த கண்ணுக்கு மேல் ஒட்டினேன்.

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். "இந்தக் கண்ணா சார்?"

கார்டை இன்னொரு தடவை பார்த்தேன். "ஆமாம்மா. டாக்டர் அப்படித்தான் எழுதியிருக்கார்."

அவர் புருவத்தைத் தடவிக்கொண்டே நகர்ந்தார். அடுத்த கார்டு வந்தது.

இரண்டு மணிக்கு பேனர் முன்னால் எல்லாரையும் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். பதினெட்டுப் பேர். பஸ் புறப்பட்டதும் நாங்கள் கை காட்டினோம். வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, வாட்சைக் கட்டும்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது என் இடது கை. இந்தப் பக்கம் இருந்தது அந்த அம்மாவுடைய எந்தக் கண்?

மனைவியை எதிரே நிற்கச் சொல்லி விரலால் புருவத்தைத் தொட்டுப் பார்த்தேன். "இது உனக்கு இடதுதான?" "வலது" என்றாள். பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். வலதுதான். திரும்ப எதிரே வந்தேன். "காலையிலேர்ந்து வெய்யில்ல நின்னீங்களா? எதுக்கு இப்படிப் பேஜாரு பண்றீங்க?" என்று உள்ளே போய்விட்டாள். வாட்ஸப்பில் வந்திருந்த போட்டோவைத் திறந்தேன். அதைப் பார்த்தால் தெளியும் என்று நினைத்தேன், இன்னும் குழம்பியது. போட்டோ நேராக இருக்கிறதா, கண்ணாடி மாதிரி திருப்பி எடுத்ததா என்று முதலில் சந்தேகம். பேனர் எழுத்து நேராக இருந்ததால் அது தீர்ந்தது. ஆனால் பதினெட்டு முகங்களில் யாருக்கு எல்.ஈ., யாருக்கு ஆர்.ஈ. என்று எனக்கு எப்படித் தெரியும்? ஓரத்தில் அந்த அம்மா நின்றிருந்தார். அவர் மட்டும் ஒரு கையால் புருவத்தை மூடிக்கொண்டிருந்தார்.

தலைவருக்குப் போன் செய்தேன். "நீங்க ஒருத்தரு சார். சும்மா கொழப்பிக்கினு இருக்காதீங்க. அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க" என்றார். பாத்துப்பாங்க என்றால் யார், எதைப் பார்ப்பார்கள்? நல்ல கண்ணைக் கிழித்துவிட்டால் என்ன செய்வது? அன்று சாயந்திரமே புதுச்சேரி பஸ்ஸைப் பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"நீங்க ஒட்டறத நாங்க பாக்கறதே இல்ல சார். வந்த உடனே பிச்சிப் போட்டுடுவோம். நாங்களே மறுபடியும் டெஸ்ட் பண்ணி, நாங்களே அடையாளம் வெப்போம். எல்லா கேம்ப்லயும் ரெண்டு மூணு மாறித்தான் வரும். உங்க பிளாஸ்திரி பஸ்ல ஏத்தறதுக்குத்தான்."

எனக்கு நிம்மதியும் வந்தது, கோபமும் வந்தது. எதற்கும் உதவாத ஒரு வேலைக்கா நான் இத்தனை பாடு பட்டேன்? அப்புறம், உதவாமல் இருந்ததே நல்லது என்றும் தோன்றியது. எதை நினைத்துச் சந்தோஷப்படுவது என்று புரியாமல் நின்றேன். பெயருக்கு, எல்லாரும் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"பதினேழு பேரும் நல்லா இருக்காங்க சார்."

"பதினெட்டு."

"லிஸ்ட்ல பதினெட்டு. வந்தது பதினேழு. ஒரு அம்மா பஸ்ல ஏறலையாம்."

எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் இல்லை. செவ்வாய்க்கிழமைக்குள் கூட்டி வந்தால் சேர்த்துக்கொள்வோம் என்றார் நர்ஸம்மா.

திங்கட்கிழமை கடையைத் திறக்காமல் அந்தக் கிராமத்துக்குப் போனேன். விசாரித்துக்கொண்டு போனதில் அந்த அம்மா வீட்டு வாசலில் கேப்பையைப் புடைத்துக்கொண்டிருந்தார். பேட்ஜ் இல்லாததால் முதலில் அவருக்கு என்னை யாரென்று தெரியவில்லை. குரலை வைத்துக் கண்டுகொண்டார். நெற்றி வெறுமையாக இருந்தது.

"ஏம்மா பஸ்ல ஏறலை?"

"நான்தான் கேட்டனே சார், இந்தக் கண்ணான்னு. நீங்க கார்டைப் பாத்துட்டு ஆமான்னீங்க. இந்தக் கண்ணுலதான எனக்குக் கொஞ்சமாவது தெரியிது, இதுல போயி ஒட்டறாரேன்னு நெனச்சேன். படிச்சவங்க, கார்டைப் பாத்துச் சொல்றாங்க, நமக்குத்தான் ஒண்ணும் புரியலியோன்னு லைன்ல நின்னுக்கினுதான் இருந்தேன். பஸ் படிகிட்ட வந்ததும் பயம் புடிச்சிக்கிச்சு. இருக்கிற ஒண்ணையும் கிழிச்சிட்டாங்கன்னா அப்புறம் இன்னா பண்றது? அப்படியே பின்னால நகந்து வூட்டுக்கு வந்துட்டேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. அந்த ஊரில் அவருடைய கண்ணைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் கேட்டபோது நான் நிமிர்ந்து அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கார்டைப் பார்த்தேன். என் வலது இடது குழப்பத்தை மன்னித்துவிடலாம். இதை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை.

"தப்பு என்னுதும்மா. எதிர்ல ஆளு நின்னா எனக்கு வலது இடது தெரியாது" என்றேன். பெண்டாட்டியையும் நர்ஸம்மாவையும் தவிர வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மெய்யாலுமா சார்? அப்புறம் ஏன் சார் உங்களைப் போயி அந்த வேலைக்கு வெச்சாங்க?"

ஆஸ்பத்திரியில் திரும்பச் சோதிப்பார்கள், நல்ல கண்ணைத் தொடமாட்டார்கள் என்று எடுத்துச் சொன்னேன். பாதிதான் நம்பினார். பாக்கெட்டில் பிளாஸ்திரிச் சுருள் இருந்தது, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அங்கேயே கிடந்தது. ஒரு துண்டு கிழித்தேன். எந்தப் பக்கம் என்று இப்போது எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. துண்டை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் நல்ல கண்ணை மூடி, மற்றதால் என்னைப் பார்த்து, "இதுலதான் நீங்க பொகையாத் தெரியறீங்க" என்று சொல்லி அதற்கு மேல் அழுத்தி ஒட்டிக்கொண்டார். அப்புறம் உள்ளே போய் ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நடந்தது. நர்ஸம்மா வழக்கம் போல முதல் வேலையாக அந்தப் பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டார். அந்த அம்மா ஒட்டியிருந்தது சரியான கண்ணுக்குத்தான்.

அடுத்த கூட்டத்தில் இதைத் தலைவரிடம் சொன்னேன். "அவங்க ஞாயித்துக்கிழமையே கணக்குல வந்துட்டாங்களே சார். பதினெட்டுப் பேருன்னுதான் பேப்பருக்குக் குடுத்தோம். இப்ப அது மெய்யாயிடுச்சு, விடுங்க" என்றார். எல்லாரும் எனக்குக் கை தட்டினார்கள். தப்பு செய்ததற்கா, திருத்தியதற்கா என்று எனக்கு விளங்கவில்லை. நானும் கூடச் சேர்ந்து தட்டிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அதே பள்ளிக்கூடத்தில் மறுபடியும் முகாம். பிளாஸ்திரி நாற்காலி எனக்கே. வழக்கமாக ஒட்டுகிறவர், "நீங்கதான் நல்லாப் பழகிட்டீங்களே" என்று மோர்ப் பந்தலுக்குப் போய்விட்டார். முதல் கார்டை வாங்கினேன். எழுந்து பக்கத்தில் நிற்பதா, உட்கார்ந்தே ஒட்டுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்த அம்மா. கூடவே பக்கத்து வீட்டுக்காரம்மா ஒருவரையும் கண் காட்டக் கூட்டி வந்திருந்தார்.

"இருங்க சார், அவசரப்படாதீங்க" என்றார். லைனில் முதலில் நின்றவரிடம் திரும்பி, "உனுக்கு எந்தக் கண்ணு தெரியல? அதைக் கையால தொட்டுக் காட்டு" என்றார். கார்டில் என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் ஒட்டினார். ஒத்துப்போகாத ஒருவரைத் திரும்ப டாக்டரிடமே அனுப்பினார்.

"இன்னைக்குக் களை இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"மதியத்துக்கு மேல போவணும் சார். இப்பல்லாம் வராதன்னவளே வூட்டுக்கு வந்து கூப்புட்றா."

தலைவர் தூரத்திலிருந்து, லைன் ஏன் நகரவில்லை என்று கை காட்டினார். நான் எழுந்து, என் சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றி அந்த அம்மாவின் புடவைத் தோளில் குத்தினேன். எந்தத் தோள் என்று கேட்காதீர்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் நின்று கார்டைப் படித்துச் சொன்னேன்.